வேலையை விட்டால்தான் படிக்கலாம் என்றால் இது யாருக்கான படிப்பு? கல்வியியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வியியல் துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

குறைபாடுள்ள குழந்தைகளும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிக்கும் உள்ளடங்கிய கல்விக்கான பகுதிநேரப் படிப்பில் அடுத்த ஆண்டிலிருந்து மூன்று மாற்றங்களைக் கொண்டுவரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். மாலை வகுப்புகள் வாரநாள் பகல் வகுப்புகளாகின்றன. செயல்முறைப் பயிற்சியைத் தான் வேலை பார்க்கும் பள்ளியில் செய்யக் கூடாது, வேறொரு பள்ளியில் இடைவெளியில்லாமல் ஆறு வாரம் செய்ய வேண்டும். முந்தைய பணி அனுபவத்துக்குத் தந்துவந்த பாட விலக்கும் ரத்தாகிறது. இந்த மூன்றும் நடைமுறைக்கு வந்தால், இன்று வகுப்பறையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கற்பித்தல் உதவியாளரால் இந்தப் படிப்பில் சேரவே முடியாது. அவர்களுக்காகத் தொடங்கிய படிப்பு இது. இதை நாங்கள் ஏற்கவில்லை. ஏன் என்பதை, வகுப்பறைக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களாக எழுதுகிறோம்.

முதலில் பகல் வகுப்பு. வாரத்தில் ஒரு பிற்பகல் உதவியாளர் கல்லூரிக்குப் போய்விட்டால், அவர் இடத்தில் யார் இருப்பார்? மாற்று ஆளுக்குத் தனியே நிதி வைத்திருக்கும் பள்ளிகள் குறைவு. பக்கத்து வகுப்பு உதவியாளரை அனுப்புவார்கள். அங்கே இன்னொரு குழந்தை துணையின்றி உட்கார்ந்திருக்கும். சக்கர நாற்காலியிலிருந்து கழிப்பறை இருக்கைக்கு மாற்றும்போது பயிற்சி பெற்ற இருவர் இருக்க வேண்டும் என்று ஒரு குழந்தையின் பராமரிப்புத் திட்டத்தில் எழுதியிருக்கும். ஒருவர் மட்டும் இருக்கும் பிற்பகலில் அந்தக் குழந்தையை அழைத்துப்போகச் சொல்லி வீட்டுக்குப் போன் போகும். அதாவது, உள்ளடங்கிய கல்வி பற்றிய வகுப்பு நடப்பதற்காக ஒரு குழந்தை வாராவாரம் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பப்படும். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கு ஆள் மாறுவதையே முன்கூட்டிப் பட அட்டவணையில் காட்ட வேண்டியிருக்கும். திடீரென்று வந்து உட்காருபவருக்கு அந்த அட்டவணை எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

அடுத்தது படிப்புச் சுமை. பகுதிநேரம் என்றால் முழுநேரத்தில் பாதி என்று வைத்துக்கொள்கிறீர்கள். அந்தப் பாதி எவ்வளவு என்று பார்ப்போம். கிரெடிட் என்பது படிப்புச் சுமையை அளக்கும் அலகு. ஐரோப்பிய கிரெடிட் முறையில் முழுநேர ஓராண்டு என்பது 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பாதி என்றால் 30 கிரெடிட், குறைந்தது 750 மணி நேரம். அதை 36 வாரங்களில் பங்கிட்டால் வாரத்துக்கு ஏறத்தாழ 21 மணி நேரம் வருகிறது. காலை மணி அடிப்பதிலிருந்து மாலை மணி அடிக்கும்வரை வேலை பார்த்துவிட்டு, அதற்குமேல் 21 மணி நேரம். இதே முறையில் 20 கிரெடிட் என்று வைத்தால் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் ஆகும். இரண்டு மாலைகளும் வார இறுதியில் ஒரு பகுதியும் போனாலும் சமாளிக்கக்கூடிய அளவு அது. படிப்பு ஓராண்டு நீளும், நீளட்டும். பாதியில் நின்றுபோவதைவிட அது எவ்வளவோ மேல். முதல் பருவம் முடிந்ததும் பெயர்கள் குறைவதை உங்கள் வருகைப்பதிவேடே காட்டும். அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

நேரத்தைவிடப் பெரிய மனக்குறை பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக்காக எழுதிய பாடங்களை அப்படியே எடுத்து, தலைப்பில் மட்டும் 'உள்ளடங்கிய' என்று சேர்த்திருக்கிறீர்கள். ஓராண்டுக்கான பாடத்தைத் திட்டமிடுவது, மதிப்பீட்டு வினாத்தாள் வடிவமைப்பது, வகுப்பை நிர்வகிப்பது ஆகியவற்றைச் செய்யும் அதிகாரம் உதவியாளருக்குக் கிடையாது. அவர் நாள் முழுக்கச் செய்வது வேறு. ஒரு குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது உதவுவது, எவ்வளவு உதவுவது, எப்போது கையை எடுத்துக்கொள்வது என்பதை நிமிடத்துக்கு நிமிடம் முடிவுசெய்கிறார். அந்த முடிவுகளை எப்படி எடுப்பது என்று இந்தப் படிப்பில் எந்தத் தாளும் கற்றுத்தருவதில்லை.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 52-லிருந்து 37-ஐக் கழிக்க வேண்டும். பயிற்சி இல்லாத உதவியாளர், நல்ல மனதோடுதான், இப்படிச் சொல்வார்: "ரெண்டிலேருந்து ஏழு போகாது. பக்கத்துல கடன் வாங்கு. அஞ்சை அடிச்சுட்டு நாலுன்னு போடு. இப்ப பன்னிரண்டு. பன்னிரண்டுல ஏழு போனா?" குழந்தை விரலை மடக்கி எண்ணி, 5 என்கிறது. "நாலுல மூணு போனா?" 1. விடை 15. ஆசிரியர் வந்து சரி என்று குறியிட்டுவிட்டுப் போகிறார். ஒன்றாம் இடத்தில் கழிக்க முடியாது என்று கண்டுபிடித்தது யார்? கடன் வாங்க முடிவுசெய்தது யார்? ஐந்தை நான்காக்கச் சொன்னது யார்? மூன்றும் உதவியாளர். விரலை எண்ணியது மட்டுமே குழந்தையின் வேலை. நோட்டில் பக்கம் பக்கமாகச் சரிக்குறி இருக்கும். தேர்வில் தனியே உட்காரும் அன்று முதல் வரியிலேயே பேனா நிற்கும். ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அது அதிர்ச்சியாக இருக்கும்.

பயிற்சி பெற்றவர் இதையே வேறு மாதிரி செய்வார். முதலில் பேசாமல் காத்திருப்பார். காத்திருப்பது எளிதாகத் தோன்றும், ஆனால் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடியே பொறுக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடி ஆக்கினாலே குழந்தைகளின் பதில் நீளமாகவும் செறிவாகவும் வருகிறது என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970-களிலேயே காட்டினார். படப் பலகையோ பேச்சுக் கருவியோ பயன்படுத்தும் குழந்தைக்கு மூன்று விநாடி போதவே போதாது. பத்து விநாடியும் அதற்கு மேலும் தர வேண்டியிருக்கும். காத்திருந்தும் நகரவில்லை என்றால், "அடுத்து என்ன செய்யணும்?" என்று பொதுவாகக் கேட்பார். அதுவும் போதவில்லை என்றால் பத்தாம் இடத்தை விரலால் சுட்டுவார். பிறகு ஒரு சிறு சொற்குறிப்பு. கடைசியாக, 63-லிருந்து 28-ஐக் கழிக்கும் வேறொரு கணக்கைத் தான் ஒரு தாளில் மாதிரியாகச் செய்துகாட்டிவிட்டு, குழந்தையின் கணக்கைக் குழந்தையிடமே விட்டுவிடுவார். எந்தப் படியில் குழந்தை நகர்ந்தது என்று ஓர் எழுத்தில் குறித்துவைப்பார்: கா, கே, சு, சொ, மா. இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்தால் உதவி குறைகிறதா, அதே இடத்தில் தேங்கி நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். தேங்கி நின்றால் பாடமோ முறையோ மாற வேண்டும் என்று ஆசிரியரிடம் ஆதாரத்தோடு பேசலாம். இதைக் கற்றுக்கொடுக்க உங்களுக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு பருவமும், வகுப்பறைக்கு வந்து பார்க்கும் ஒரு விரிவுரையாளரும் போதும்.

இது எங்கள் சொந்தக் கருத்து என்று ஒதுக்கிவிட வேண்டாம். உதவியாளர் எந்நேரமும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் குழந்தை சக மாணவர்களிடமிருந்து பிரிகிறது, பெரியவர்களையே சார்ந்து நிற்கிறது, வகுப்பாசிரியரும் அந்தக் குழந்தையைத் தன் பொறுப்பாகக் கருதாமல் விடுகிறார் என்று கல்வி ஆய்வாளர் மைக்கேல் ஜியான்கிரேக்கோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997-இல் அமெரிக்கப் பள்ளிகளைப் பார்த்து எழுதினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு தலைமையில் 2003-இல் தொடங்கி ஐந்தாண்டு நடந்த பெரிய ஆய்வு இன்னும் கடுமையான முடிவைத் தந்தது: உதவியாளரின் துணையை அதிகம் பெற்ற மாணவர்கள், அதே நிலையிலிருந்து தொடங்கிக் குறைவான துணை பெற்றவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். இந்த முடிவைக் காட்டி உதவியாளர் பணியிடங்களையே குறைக்கலாம் என்று பேசுவோர் உண்டு. ஆய்வாளர்கள் சொன்னது அதுவன்று. உதவியாளர்களின் மீது குறையில்லை. அவர்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எவ்வளவு தயார்படுத்துகிறார்கள் என்பதில்தான் குறை என்றார்கள். ஆசிரியரோடு சேர்ந்து திட்டமிட நேரம் கிடையாது. வகுப்பு தொடங்கியபின் ஆசிரியர் சொல்வதை மாணவர்களோடு சேர்ந்து முதல்முறையாகக் கேட்டுப் புரிந்துகொண்டு அப்படியே உதவ வேண்டியிருக்கிறது. எந்தப் பள்ளியிலும் இதைப் பார்க்கலாம். அப்படியிருக்க, தயார்படுத்துவதற்கென்றே இருக்கும் ஒரு படிப்பின் கதவை நீங்கள் சாத்துகிறீர்கள்.

கணக்கும் மொழியும் மட்டும் பாடமல்ல. காது கேளாத குழந்தை உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வகுப்பில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்பவரின் முகம் நிழலாகத்தான் தெரியும். கரும்பலகையைப் பார்த்தபடி பேசினால் பாடமே போய்விடும். பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்குத் தாளைப் பெரிதாக நகலெடுத்துக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். நகலில் மங்கிய சாம்பல் நிற வரைபடம் பெரிதானாலும் மங்கலாகவே இருக்கும், கறுப்புக் கோட்டில் மறுபடி வரைந்துதான் தர வேண்டும். வலிப்பு வந்தால் உடனே மணியைப் பார்த்துக் குறிக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது கொடுத்து, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துக் கிடத்த வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். விழுங்குவதில் சிரமமுள்ள குழந்தைக்குச் சாய்ந்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து இருக்கிறது. இவற்றில் எதையும் வேலையில் சேர்ந்த அன்று யாரும் சொல்லித்தருவதில்லை. உங்கள் பாடத்திட்டத்திலும் இவை 'பொது விழிப்புணர்வு' என்ற ஒரு மணி நேர வகுப்புக்குள் அடங்கிவிடுகின்றன.

செயல்முறைப் பயிற்சி பற்றிய உங்கள் முடிவுக்குப் பின்னால் ஒரு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறோம். தன் பள்ளியிலேயே பயிற்சி செய்தால் தலைமையாசிரியரே மேலதிகாரியாகவும் மதிப்பிடுபவராகவும் இருப்பார். பயிற்சி நேரத்தில் வழக்கமான வேலையையே வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஒரே பள்ளியின் பழக்கங்களைத் தவிர வேறு எதையும் பார்க்காமலே படிப்பு முடிந்துவிடும். இந்த மூன்று குறைகளும் உண்மை. ஆனால் அதற்கு மருந்து ஆறு வாரம் ஊதியமில்லா விடுப்பு அல்ல. ஆறு வாரச் சம்பளம் போனால் பலருக்கு வீட்டுச் செலவு நின்றுவிடும். தற்காலிக ஒப்பந்தத்தில் இருப்பவருக்குத் திரும்பி வரும்போது வேலையே இருக்குமா என்பது நிச்சயமில்லை. மதிப்பீட்டை வெளியிலிருந்து வரும் வழிகாட்டி செய்யட்டும். பயிற்சி தொடங்கும் முன் பள்ளி, படிக்கும் உதவியாளர், துறை மூவரும் ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்திடட்டும்: எந்த நாள், எந்த நேரம், எந்தக் குழந்தையோடு, அந்த நேரத்தில் வழக்கமான வேலையை யார் பார்ப்பார்கள் என்று அதில் இருக்க வேண்டும். வேறு பள்ளியைப் பார்ப்பதற்கு ஆண்டு முழுவதும் பரவலாக ஐந்து தனித்தனி நாள்கள் போதும். ஒரு நாள் சிறப்புப் பள்ளியில், ஒரு நாள் பார்வைக் குறைபாடுள்ள மாணவர்கள் படிக்கும் வகுப்பில் என்று வேறுபட்ட இடங்களாக அவை இருந்தால், ஒரே பள்ளியில் கழிக்கும் ஆறு வாரத்தைவிட அதிகம் பார்க்கலாம்.

தனி ஆய்வு ஒப்படைப்பு பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு குழந்தையின் தனிநபர் கல்வித் திட்டத்தை, அதாவது அந்தக் குழந்தைக்கென்றே தனியே வகுத்த கற்றல் திட்டத்தை, ஆராய்ந்து 5,000 சொற்களில் எழுதச் சொல்கிறீர்கள். பல பள்ளிகளில் அந்தத் திட்டத்தை உதவியாளர் கண்ணில் காட்டுவதே இல்லை. அது அலுவலகக் கோப்பில் இருக்கும். அதைச் செயல்படுத்துபவர் வகுப்பறையில் இருப்பார். திட்டமிடும் கூட்டத்துக்கும் அவரை அழைப்பதில்லை. எனவே மாணவர்கள் கேள்விப்பட்டதை வைத்து எழுதுகிறார்கள், அல்லது யாரிடமாவது கெஞ்சிப் படியெடுக்கிறார்கள். இந்த இரண்டாவது வழி குழந்தையின் அந்தரங்கத்தை மீறுவது. பெயரை மாற்றினால் போதும் என்று உங்கள் வழிகாட்டிக் குறிப்பு சொல்கிறது. சிறு பள்ளியில் வயதையும் குறைபாட்டையும் சொன்னாலே எந்தக் குழந்தை என்று தெரிந்துவிடும். பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் படிவத்தைத் துறையே தயாரித்துத் தர வேண்டும்; ஒப்புதல் கிடைக்காதவருக்கு, உதவிப் படிகளைக் குறித்த பதிவேடும் அதன்மீதான ஆய்வும் என ஒரு மாற்று ஒப்படைப்பு இருக்க வேண்டும்.

அனுபவத்துக்கான விலக்கை நீக்கியதற்குத் தரம் குறைகிறது என்று காரணம் சொல்கிறீர்கள். பணிச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு விலக்கு கொடுத்தால் தரம் குறையத்தான் செய்யும். இத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்பதால் மட்டுமே ஒருவருக்கு எல்லாம் தெரிந்துவிடாது. அதற்குப் பதில் ஒரு தொகுப்பைக் கேளுங்கள்: வகுப்பாசிரியர் பார்த்துக் கையெழுத்திட்ட மூன்று அவதானிப்புக் குறிப்புகள், தானே தயாரித்த இரண்டு கற்றல் பொருள்கள், ஒரு குழந்தைக்கு உதவியைப் படிப்படியாகக் குறைத்த பதிவு, அரை மணி நேர நேர்முகம். இதில் தேறுபவரை அறிமுகத் தாளில் மறுபடி உட்காரவைக்க எந்தக் காரணமும் இல்லை.

1994-இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 அரசுகள் கூடி, எல்லாக் குழந்தைகளையும் பொதுப் பள்ளிகள் ஏற்க வேண்டும் என்று அறிவித்தன. 2006-இல் ஐநா ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு, கல்வியின் எல்லா நிலைகளிலும் பணியாற்றும் வல்லுநர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி தர வேண்டும் என்கிறது. ஆசிரியர்களோடு அந்தப் பிரிவு நின்றுவிடவில்லை. எல்லா நிலைகளிலும் என்று எழுதியிருக்கும்போது, குழந்தையோடு அதிக நேரம் இருப்பவரை அதிலிருந்து விடுவதற்கு இடமே இல்லை. உங்கள் துறையின் அறிமுகப் பாடத்திலேயே இந்த இரண்டும் இருக்கின்றன.

ஆகவே கேட்கிறோம்.

அறிவித்த மூன்று மாற்றங்களையும் அடுத்த சேர்க்கைக்கு நிறுத்திவையுங்கள். பாடத்திட்டக் குழுவில் தற்போது பணியில் இருக்கும் கற்பித்தல் உதவியாளர்கள் இருவரையாவது வாக்குரிமையுடன் சேர்த்து, அந்தக் குழு மறுபடி முடிவெடுக்கட்டும். குழுக் கூட்டம் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடக்க வேண்டும்.

வகுப்புகள் வாரத்தில் இரண்டு மாலைகள், தலா இரண்டு மணி நேரம், மாதத்தில் ஒரு முழுச் சனிக்கிழமை என்று அமையட்டும். ஆண்டு முழுவதற்குமான தேதிகளை வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிடுங்கள். பள்ளிகள் மாற்று ஏற்பாடு செய்ய அவ்வளவு காலம் தேவை. ஒவ்வொரு விரிவுரையின் பதிவும் இரண்டு நாளுக்குள், எழுத்துவரியோடும் முழு எழுத்துப் படியோடும் கிடைக்க வேண்டும். படிக்க வருபவர்களிலும் காது கேளாதவர்கள் உண்டு, பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் உண்டு. ஓராண்டுச் சுமை 20 கிரெடிட்டுக்கு மேல் போகக் கூடாது.

உதவிப் படிகளும் அவற்றைக் குறைக்கும் முறையும் ஒரு கட்டாயத் தாளாகட்டும். உடல் பராமரிப்பு, பாதுகாப்பு, மாற்றுத் தொடர்பு முறைகள் ஆகியவை செய்முறைத் தேர்வுள்ள இன்னொரு தாளாகட்டும். செயல்முறைப் பயிற்சிக்கும் அனுபவ விலக்குக்கும் மேலே சொன்ன ஏற்பாடுகளைக் கொண்டுவாருங்கள்.

முதல் ஆண்டை முடித்து நிற்க நேர்பவருக்குச் சான்றிதழ், இரண்டாம் ஆண்டுக்குப் பட்டயம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கையில் ஒன்று கிடைக்க வேண்டும். திரும்பி வந்து தொடர ஐந்தாண்டு அவகாசம் வேண்டும். இந்தப் படிப்பை முடித்தால் ஆசிரியராகப் பதிவுசெய்ய முடியுமா, முடியாது என்றால் அதற்குமேல் என்ன படிக்க வேண்டும் என்பதை விளக்கக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். முழுக் கட்டணத்தையும் கட்டிய பிறகு அதைத் தெரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். இது இனி ஒருவருக்கும் நேரக் கூடாது.

பள்ளி நிர்வாகங்களுக்கும் இதே மடலில் மூன்று கோரிக்கைகள். வகுப்பாசிரியரும் உதவியாளரும் சேர்ந்து திட்டமிட வாரத்துக்கு முப்பது நிமிடம், ஊதியத்தோடு, கால அட்டவணையிலேயே ஒதுக்குங்கள். தான் துணைநிற்கும் குழந்தையின் கல்வித் திட்டத்தைப் படிக்கவும் அது குறித்த கூட்டத்தில் உட்காரவும் உதவியாளரை அனுமதியுங்கள். தேர்வு நாள்களுக்கும் வேறு பள்ளியைப் பார்க்கும் ஐந்து நாள்களுக்கும் ஊதியத்துடன் விடுப்பு கொடுங்கள்.

அடுத்த சேர்க்கை அறிவிப்பு வெளியாகும் முன், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்றும், மறுத்தால் காரணத்தோடும், எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம். பேச அழைத்தால் வருவோம். பள்ளி விடும் நேரத்துக்குப் பிறகு எந்த நாளானாலும் சரி.

இப்படிக்கு,
பணியில் இருந்தபடி படிக்கும், படிக்க விரும்பும் கற்பித்தல் உதவியாளர்கள்